மினுங்காத சீவல்

பாளையங்கோட்டையில் எங்கள் ஆய்வகத்தின் உள்ளறையில் நானூற்றுச் சொச்சம் கல்லீரல்கள் உயிரோடு இருக்கின்றன. எல்லாம் என் வளர்ப்பு. முழுதாக வளர்ந்ததுகூட மிளகு அளவுதான் இருக்கும். நாங்கள் மணி என்று சொல்வோம். "பியூலா மேடத்துக்குக் கல்யாணம்தான் ஆகல, பிள்ளை குட்டிக்குக் குறைச்சல் இல்ல" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். கிறிஸ்துமஸ் அன்றைக்கும் கோவிலுக்குப் போகிற வழியில் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவள் நான்தானே?

ஒவ்வொரு மணிக்கும் ஒரு எண் உண்டு. எண்ணைச் சொல்லிக் கூப்பிட எனக்கு மனசு வராது. யாருடைய ரத்தத்திலிருந்து வளர்த்தோமோ அவர் பெயர்தான் அதற்கும். அப்படி நான் "கோமதிநாயகம் அண்ணாச்சி" என்று கூப்பிட்டு வந்த மணிக்குப் போன ஆடியோடு எட்டு வயது முடிந்தது. மணி நன்றாக இருந்தது. கோமதிநாயகம்தான் இல்லை. கோவில்பட்டியில் மின்பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர், முப்பத்தொன்பது வயதில் டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவர், அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். அப்போது அவர் மகள் ஆதிரைக்கு இரண்டு வயது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அவர் மனைவி செண்பகவல்லி வருவாள். பாபநாசத்தில் ஆற்றில் முழுக்குப் போட்டுவிட்டு ஊர் திரும்புகிற வழியில் ஈரத் தலையோடு இங்கே ஒரு எட்டு. கூடவே அவளுடைய அண்ணன் நயினார். கயத்தாற்றில் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிறவர், மூன்று பனைமர உயரத்துக்குச் சிரித்துக்கொண்டே ஏறுவாராம். அந்த ஆள் எங்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றதும் துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுவார். செண்பகம் அழ மாட்டாள். குனிந்து, "என்னங்க, பிள்ளைக்குப் பல்லு விழுந்திருச்சு. உங்கள மாதிரியே தெத்துப்பல்லு மொளைக்கும்போல" என்று ஊர்க்கதை எல்லாம் சொல்லுவாள். எங்கள் விதிப்படி வெளியாட்களை உள்ளே விடக்கூடாது. விதியை எழுதியவர்கள் அவளைப் பார்த்ததில்லை.

போன ஆடியில் ஆதிரையும் வந்திருந்தாள். ஏழு வயது முடிய இன்னும் நாலு மாதம். கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தாள்.

"இதுக்கு வாய் எங்க இருக்கு?"

"உடம்பு பூரா வாய்தான்" என்றேன். "நம்ம ரத்தத்துல கெட்ட கொழுப்பு ஓடிக்கிட்டே இருக்கும். கல்லீரல் அதப் பிடிச்சுக் குடிச்சிரணும். சில குடும்பத்துல பரம்பரையாவே அந்த வாய் சரியாத் தொறக்காது. குடிக்காட்டி கொழுப்பு எங்க போகும்? நெஞ்சுக் குழாயில போயி அப்பிக்கிடும்."

"குடிக்குதா இல்லியான்னு எப்படித் தெரியும்?"

"கொழுப்புக்குப் பச்சைச் சாயம் போட்டுக் குடுப்போம். குடிச்சா மின்மினி கணக்கா மினுங்கும். குடிக்காட்டி சும்மா கெடக்கும்."

"இப்பக் குடுங்க!"

"அவசரக்குடுக்க. எட்டு வருசம் முத்தணும். பிஞ்சு மணி எல்லாமே மினுங்கும், அத நம்ப முடியாது. முத்தின மணியத்தான் சீவிப் பாக்கணும். சீவிட்டா பெறகு மணி இருக்காது."

கடைசி வாக்கியத்தைப் பிள்ளைக்குச் சொல்லவில்லை, தாய்க்குச் சொன்னேன். பிள்ளையை வெளியே மீன்தொட்டியைப் பார்க்க அனுப்பிவிட்டு, அண்ணனையும் தங்கையையும் உட்கார வைத்தேன்.

"ஆதிரைக்கு ரத்தம் பாத்தோம்ல, கெட்ட கொழுப்பு நூத்தி அம்பத்தஞ்சு இருக்கு. அங்கயும் சேராது, இங்கயும் சேராது. நோய் உண்டுன்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல."

"மரபணு வாசிச்சியளே மேடம்?" என்றார் நயினார்.

"வாசிச்சோம். தெரிஞ்ச பிழை ஒண்ணும் இல்ல. அவங்க அப்பாவுக்கும் அப்படித்தான். முன்னூத்தி எம்பது இருந்துச்சு, குதிகாலுக்கு மேல நரம்புல கொழுப்பு கட்டி கட்டியா நின்னுச்சு. ஆனா வாசிச்சுப் பாத்தா கள்ளன் பிடிபடல. அதுக்குத்தான் மணி போட்டது. மணியச் சீவினா எந்த எடத்துல கோளாறுன்னு தெரிஞ்சிரும். அதே கோளாறு பிள்ளைகிட்ட இருக்கான்னு பாக்க ஒரு துளி ரத்தம் போதும்."

"இருந்துட்டா?" செண்பகம் கேட்டாள்.

"ஏழு வயசுக்குள்ள ஒரே ஒரு ஊசி. ஆயுசுக்கும் கவலை இல்ல. ஆனா அது ஈரலையே திருத்துற ஊசி, நோய் இல்லாத பிள்ளைக்குப் போட்டா கெடுதல். ஆய்வகம் நிரூபிச்சாத்தான் போடுவாங்க. ஏழு தாண்டிட்டா பாதிதான் பலிக்கும். பிள்ளைக்குப் புது மணி போட்டு அது முத்துறதுக்குள்ள பதினஞ்சு வயசு ஆயிரும். அதனால செண்பகம், நீ ஒரு கையெழுத்துப் போட்டா நாளைக்கே சீவிரலாம்."

அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வேற வழி இல்லியா மேடம்?" என்றாள்.

"இல்ல."

"நல்லா யோசிச்சுப் பாருங்க மேடம்."

"இதே வேலையா இருபது வருசமா யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

"இன்னொருத்தர் ஈரல அறுங்கன்னு சொல்ல நான் யாரு மேடம்?" என்று சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தாள். நயினார் தரையைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "நீ யாரா? பொண்டாட்டி! உனக்கு இல்லாத பாத்தியதை வேற யாருக்கு? செத்தவரக் கட்டிக்கிட்டு, இருக்கிற பிள்ளையக் கோட்டை விடப் போறியா?" என்று கத்தினேன். மீன்தொட்டி வரைக்கும் கேட்டிருக்கும். செண்பகம் "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று எழுந்துகொண்டாள். நயினாராவது ஒரு வார்த்தை தங்கைக்குப் புத்தி சொல்வார் என்று பார்த்தால், மனுஷன் வாயில் கொழுக்கட்டை வைத்தவர்போல நின்றார். தாய்மாமனாம் தாய்மாமன் என்று மனசுக்குள் திட்டினேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. கோமதிநாயகம் மணிக்குப் பால் மாற்றும்போதெல்லாம் (மணிக்கு ஊற்றுகிற சத்துநீரை நாங்கள் பால் என்போம்) "அண்ணாச்சி, நீங்களாவது கனவுல போயி உங்க வீட்டுக்காரிகிட்டச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். பைத்தியமாட்டம் பேசுகிறேன் என்று பக்கத்து மேசையில் சிரித்தார்கள்.

கனவில் யார் போனார்களோ தெரியாது, நயினார் நேரில் வந்தார். தனியாக. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார், தலைக்கவசம் கையில் இருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேடம், அத அறுத்திராதிய."

"ஓ, நீங்களும் கட்சியில சேந்தாச்சா? ஏன்?"

"அது மாப்ள மணி இல்ல."

"பெறகு யாருது?"

"என்னுது."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவரே சொன்னார்.

"கல்யாணமான புதுசுல மணி போட ரத்தம் கேட்டியள்ல, மாப்ளையும் நானும்தான் வந்தோம். வாசல்ல கைரேக வச்சது மாப்ளதான். உள்ள அந்தப் பெரிய ஊசியப் பாத்ததும் ஆளு வேர்த்து ஊத்திட்டாரு. அவ்ளோ பெரிய மீச, அவ்ளோ பெரிய வண்டி ஓட்டுத ஆளு, 'மச்சான் மச்சான், நீ போயிக் குடுத்துரு மச்சான், ரத்தம் ரத்தம்தான'ங்காரு. எச்சில் மட்டும் அவரு குடுத்துட்டாரு. ஊசிக்கு நான் கைய நீட்டிட்டேன். 'உன் தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிராத, காலத்துக்கும் சிரிப்பா'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. கல்யாணத்துல மாப்ளைக்குப் பக்கத்துல மச்சினன உக்கார வச்சு மால போடுதாங்கள்ல, அது மாதிரி ஒரு வெளையாட்டாத்தான் மேடம் எங்களுக்குத் தெரிஞ்சுது."

இப்போதெல்லாம் ரத்தத்தையும் எச்சிலையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் மணி போடுவதில்லை. அந்தக் காலத்தில் வாசல் கைரேகையை நம்பினோம். எட்டு வருடமாக அண்ணாச்சி அண்ணாச்சி என்று நான் யாரைக் கொஞ்சிக்கொண்டிருந்தேன் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமா? அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"அது சரி. அவர் போன பெறகு செண்பகத்த இங்க கூட்டிட்டு வந்தது எதுக்கு?"

"அவ மூணு மாசம் யார்கிட்டயும் பேசல மேடம். சோறு எறங்கல. என்னத்தச் சொல்லி எழுப்ப? மாப்ள மணி உயிரோட இருக்கு, வா பாத்துட்டு வருவோம்னு வாயில வந்தத சொல்லிட்டேன். வந்தா. அன்னைக்குதான் மொதல்ல பேசுனா, அதுவும் என் ஈரல்கிட்ட. பெறகு எங்க போயி அந்தப் பொய்ய நிப்பாட்ட? வருசா வருசம் என் ஈரலப் பாத்து 'என்னங்க'ங்கா. நான் பக்கத்துல நிக்கேன்." துண்டு இல்லாததால் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப அத அறுத்தா நல்லா மினுங்கும். அப்பனுக்குக் குறையில்ல, பிள்ளைக்கும் இல்லன்னு நீங்க எழுதிருவிய. ஊசி கெடைக்காது. அப்பன் மாதிரியே பிள்ளையும் ஒரு நாளைக்கு..."

முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"அவகிட்டச் சொல்லிட்டியளா?"

"சொன்னா என் மூஞ்சியில முழிக்க மாட்டா மேடம். புருசன் பேரச் சொல்லி ஏமாத்தியிருக்கேன். எனக்குன்னு இருக்கது அவளும் அந்தப் பிள்ளையும்தான்."

நான் பெட்டிக்குப் பக்கத்தில் போய் அந்த மணியைப் பார்த்தேன். எட்டு வருடம் முத்திய மணி. கோளாறு இல்லாத மணி. அதைச் சொல்லிப் பார்த்ததும்தான் எனக்குச் சுரீர் என்றது.

"உங்களுக்குக் கொழுப்பு பாத்திருக்கியளா?"

"வருசா வருசம் கம்பெனியில பாப்பாக. ஏறுத ஆளுக்குப் பாக்காம இருப்பாகளா? நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாக."

"நயினார் அண்ணாச்சி, இங்க இருக்க நானூறு மணியும் கோளாறு உள்ள வீட்டு மணி. நல்ல ஈரல் இருக்கவன் எவன் எட்டு வருசத்துக்கு முன்னால இங்க வந்து கைய நீட்டுனான்? முத்தின நல்ல மணி ஒண்ணு கூட எங்ககிட்ட இல்லன்னு நான் எத்தன கூட்டத்துல அழுதிருக்கேன் தெரியுமா? கண்ணு முன்னாலயே இருந்திருக்கு!"

அவருக்குப் புரியவில்லை. தலைக்கவசத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு விளக்கினேன்.

"மாப்பிள்ளையோட எச்சில் இங்க பத்திரமா இருக்கு. அதுல சந்தேகமான மரபணு எழுத்து இருபத்துச் சொச்சம் கெடக்கு. எது கள்ளன், எது நல்லவன்னுதான் தெரியல. உங்க மணிய மெல்லிசாச் சீவி, ஒரு சீவலுக்கு ஒரு எழுத்தா அவரோட எழுத்த மாத்தி எழுதுவோம். எல்லாத்துக்கும் பச்சைக் கொழுப்பு குடுப்போம். நல்ல ஈரல், மினுங்கத்தான் செய்யும். எந்தச் சீவல் மினுங்காமப் போகுதோ, அங்க இருக்கான் கள்ளன். அதுவும் நீங்க பிள்ளைக்குத் தாய்மாமன். தாய்வழி எழுத்துல பாதி உங்ககிட்டயும் இருக்கும், குழப்பம் கொறையும்."

"மாப்ள நோய என் ஈரல்ல ஏத்திப் பாக்கப் போறிய."

"ஆமா. மணி போயிரும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"எனக்கு ஆனா என்ன மேடம்? எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். "காது குத்த மட்டும் மாமன் மடி வேணும்னா எப்படி, இதுக்கும் இருக்கட்டும்."

மனசுக்குள் திட்டியதை மனசுக்குள்ளேயே திருப்பி எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். "தங்கச்சிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்." முடிவு வரட்டும், வந்ததும் சொல்லிவிடுகிறேன் என்றார்.

அன்றைக்கே செண்பகத்துக்குப் போன் போட்டு, "வேற ஒரு வழி கெடச்சிருக்கு, உன் கையெழுத்து வேண்டாம்" என்றேன். என்ன வழி, ஏது வழி என்று துளைத்தெடுப்பாள் என்று பயந்திருந்தேன். அவள், "சரி மேடம், ரொம்பச் சந்தோசம்" என்றாள். பிறகு, "அண்ணன் சாப்பிட்டுச்சா?" என்றாள். அவர் இங்கே வந்தது இவளுக்கு எப்படித் தெரியும் என்று போனை வைத்த பிறகுதான் தோன்றியது.

சீவுகிறதை வேறு யாரிடமும் விடவில்லை, நானே செய்தேன். கத்தி இறங்கும்போது "நயினார் அண்ணாச்சி, மன்னிச்சிருங்க" என்று சரியான பெயரைச் சொல்லிவிட்டுத்தான் சீவினேன். எழுத்து மாற்றி, சீவல்கள் தேறி வருவதற்கு ஐப்பசி ஆகிவிட்டது. பிள்ளையின் பிறந்தநாள் கார்த்திகையில். எல்லாச் சீவலும் மினுங்கினால் கள்ளன் நாங்கள் சந்தேகப்படாத இடத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். அதன் பிறகு தேட நாளும் இல்லை, மணியும் இல்லை.

மூன்று பேரையும் வரச் சொல்லியிருந்தேன். விளக்கை அணைத்துவிட்டுக் கணினித் திரையைப் போட்டேன். பச்சைப் பச்சையாக வட்டங்கள் வரிசையாக மினுங்கின. ஆதிரை "ஐ!" என்று கை தட்டினாள். நான் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். பச்சை, பச்சை, பச்சை. நயினார் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கீழ்வரிசைக்கு வந்ததும் ஒரு வட்டம் மட்டும் சாம்பல் நிறத்தில், எதையும் குடிக்காமல், வெறுமனே கிடந்தது.

"ஆண்டவரே" என்றேன். அழுதுவிட்டேன். பிள்ளையிடமிருந்து எடுத்து வைத்திருந்த ரத்தத்தில் அந்த ஒற்றை எழுத்தைத் தேட மெஷினுக்கு ஒரு காப்பி குடிக்கிற நேரம் போதும். நாங்கள் யாரும் காப்பி குடிக்கவில்லை. இருந்தது. அப்பாவின் பிழை அப்படியே மகளிடம் இருந்தது.

செண்பகம் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "அவுக நோய்தானா?"

"அவர் நோய்தான். ஆனா அவருக்குக் கெடைக்காதது இவளுக்குக் கெடைக்கும். இனி ஒருத்தரும் இல்லன்னு சொல்ல முடியாது. வர்ற வாரமே ஊசி போட்டுரலாம்."

"ஒரே ஊசியா?" என்று ஆதிரை கேட்டாள்.

"ஒரே ஊசி."

"எனக்கெல்லாம் பயம் இல்ல."

நயினார் சிரிக்கப் பார்த்து முடியாமல் இருமினார். பிறகு தங்கைக்கு முன்னால் வந்து நின்றார். கயத்தாற்றுக் காற்றில் அத்தனை உயரத்தில் நிற்கிறவர், தரையில் நின்றுகொண்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"செம்பகம், ஒண்ணு சொல்லணும். திட்டுனாலும் பரவாயில்ல, பேசாம மட்டும் இருந்திராத. அந்த மணி மாப்ள மணி இல்ல. அன்னைக்கு ரத்தம் குடுத்தது..."

"தெரியும்ணே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன்.

"குடுத்துட்டு ரெண்டு பேரும் வீட்டுக்குத்தான வந்திய? அவுக கையில ஒண்ணும் இல்ல. உன் கையிலதான் பஞ்சு ஒட்டியிருந்துச்சு. ராத்திரி கேட்டேன், மீசையத் தடவிக்கிட்டு முழிச்சாக. சரி, பாவம்னு விட்டுட்டேன்."

"அப்படின்னா கையெழுத்து?" என்றேன் நான்.

"உங்ககிட்ட அத்தன ஏச்சும் வாங்கிக்கிட்டேன்ல மேடம்? எங்க அண்ணன் ஈரல அறுக்க நான் எப்படிக் கையெழுத்துப் போட? சொன்னா செத்தவுகளையும் இவுகளையும் சேத்துக் கள்ளன்னு சொல்லுவிய. பிள்ளைக்குன்னு வந்தா அண்ணனே வந்து சொல்லிரும்னு தெரியும். அந்த வாரம் வரலன்னா நானே வந்து சொல்லியிருப்பேன்."

நயினார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்சேதான் வருசா வருசம் வந்தியா? என் ஈரல்கிட்ட நின்னு பேசுன?"

"அவுக செத்த அன்னைக்கு எல்லாரும் அழுதாக. நீ அழல. பந்தல் போட்ட, ஐஸ் பெட்டிக்குச் சொன்ன, வந்தவுகளுக்கெல்லாம் காப்பி குடுத்த. மூணு மாசமா உன் கண்ணுல ஒரு சொட்டு வரல, எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு. இங்க வந்து நின்னுதான் மொத மொதல்ல அழுத. அதான், அழுறதுக்கு உனக்கும் ஒரு எடம் வேணும்லன்னு வருசா வருசம் கூட்டிட்டு வந்தேன்."

நயினார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஆதிரையைக் கூட்டிக்கொண்டு மீன்தொட்டிக்குப் போனேன்.